தொட்டிமணியும் உரிய வழியும்

கோவில்பட்டியில் ஒரு தொட்டிமணி இருந்தது. உள்ளங்கை அளவுதான். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் மாட்டிவிட்டால், நீர் விளிம்பைத் தொடும் முன்பே "நிறைஞ்சிருச்சு" என்று கத்தும். கத்திய உடனே மோட்டார் நின்றுவிடும். அதைச் சொல்ல அது யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

அதைச் செய்தவள் செண்பகவல்லி. இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு மாடி அறையில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்தினாள். லாட்ஜ், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று ஊரில் அறுபது தொட்டிகளில் தொட்டிமணியின் உடன்பிறப்புகள் கத்திக்கொண்டிருந்தன.

ஒருநாள் சென்னையிலிருந்து ஓர் இரும்புப் பெட்டி வந்து இறங்கியது. பெரிய கம்பெனியின் கன்ட்ரோல் பெட்டி. ஆளுயரம், நாலு விளக்கு, பூட்டு வேறு.

"தம்பி, அரசாங்கம் நாலாயிரம் கிராமத் தொட்டிக்கு ஆள் தேடுது. பதினஞ்சு வருஷ அனுபவம் கேக்கறாங்க. உனக்கு வயசு மூணு. என்னோட கூட்டு சேர்ந்துக்கோ" என்றது.

"என் பேர் எங்கண்ணே இருக்கும்?"

"என் பின்பக்கத்துல."

நாலாயிரம் என்று கேட்டதுமே தொட்டிமணிக்குத் தலை சுற்றியது. செண்பகவல்லிக்கும் அப்படித்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் ஒப்பந்தம் கைக்கு வருமுன்பே 'அரசுத் திட்டப் பங்குதாரர்' என்று புதுப் பலகை மாட்டியது கொஞ்சம் அதிகம்தான். ரிப்பேருக்குக் கூப்பிட்ட லாட்ஜுக்காரர் பால்வண்ணம் அண்ணாச்சியிடம், இப்போது நேரமில்லை என்று போனை வைத்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

இனி எல்லாம் அரசாங்கக் கோப்பின் கையில் இருந்தது. இடுப்பில் நாடா கட்டிய தடித்த கோப்பு. எப்போது வருவீர்கள் என்று தொட்டிமணி பணிவாக விசாரித்தது.

"நான் நடக்கிறதில்ல. தூக்கிட்டுப் போனா போவேன், வெச்சா இருப்பேன்" என்றது கோப்பு.

ஏழு மாதம் கழித்து வந்தது, ஒரு நிபந்தனையோடு. தொட்டிமணி இனி நேரடியாகக் கத்தக் கூடாது. பெட்டியிடம் மெல்லச் சொல்ல வேண்டும். பெட்டி வட்டார அலுவலகத்துக்கும், அது மாவட்டத்துக்கும் சொல்லும். ஒப்புதல் அதே வழியில் இறங்கி வந்த பிறகே மோட்டார் நிற்கும். எல்லாம் உரிய வழியாக நடக்க வேண்டுமாம்.

தொட்டிமணி செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தது. அறுபது தொட்டிகளையும் விட்டுவிட்டு நிற்பவள் அவள். கையெழுத்துப் போட்டாள்.

ஒரு கிராமத்தில் முதல் தொட்டிக்குத் திறப்பு விழா. இது சரியாக நடந்தால்தான் மற்றவை. தொட்டிக்கு நேர் கீழே பந்தல் போட்டு, அதிகாரிகளுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ஓடியது. தண்ணீர் ஏறியது.

"நிறைஞ்சிருச்சுண்ணே."

"குறிச்சுக்கிட்டேன். அனுப்பியாச்சு" என்றது பெட்டி.

"விளிம்புக்கு வந்துருச்சு."

"அது வேற தகவல். தனியா அனுப்பணும்."

பந்தல் கிழிந்து தண்ணீர் கொட்டியது. சால்வைகளெல்லாம் நனைந்தன. பெட்டியைத் திறந்து மோட்டாரை நிறுத்தலாமென்றால், சாவி சென்னையில் இருந்தது. செண்பகவல்லி ஓடிப்போய் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கினாள். அவளுக்கு அழுகை வந்தது. நனைந்த முகத்தில் அது யாருக்கும் தெரியவில்லை, அன்றைக்கு அது ஒன்றுதான் லாபம்.

அன்றுதான் கோப்பு ஓடியது. விளக்கம் கேட்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்து நின்றது. பெட்டி மெதுவாகத் திரும்பி, தன் பின்பக்கத்தைக் காட்டியது. அங்கே தொட்டிமணியின் பேர் இருந்தது.

மறுநாள் செண்பகவல்லி தொட்டிமணியைப் பையில் போட்டுக்கொண்டு பால்வண்ணம் அண்ணாச்சியின் லாட்ஜுக்குப் போனாள். வாசலிலேயே நின்றாள்.

"எங்க தொட்டியும் ஏழெட்டு மாசமா வழியுதும்மா. வேற ஆளக் கூப்பிட மனசு வரல. ஏணி அங்க இருக்கு பாரு" என்றார் அவர்.

அன்று தொட்டிமணி தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்தியது. மோட்டார் உடனே நின்றது.

திறப்பு விழா முடிந்த ஒன்பதாம் நாள், உரிய வழியாக ஒப்புதல் வந்தது: 'தொட்டி நிறைந்த விவரம் ஏற்கப்பட்டது. மோட்டாரை நிறுத்தலாம்.'

பிடுங்கிய ஃபியூஸை மாட்ட ஒப்புதல் இல்லாததால், அந்தக் கிராமத்துப் பெண்கள் ஒன்பது நாளாகக் குடத்தோடு பக்கத்து ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.