ஜெல்லிக்குக் கழுத்து எந்தப் பக்கம்?

உப்பளத்துறையில் மூளைக்குப் பஞ்சமில்லை. அதை எடுத்துப் புழங்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. எதற்கெடுத்தாலும் கமிட்டி, ஏகமனதாகத் தீர்மானம். எதிர்த்துக் கேட்க ஒருவன் இருந்தால்தானே!

அங்கே மசூது மரைக்காயர் மகளுக்குக் கல்யாணம். "விருந்தில் சிவப்பு ஜெல்லி இல்லையென்றால் கை நனைக்க மாட்டோம்" என்று சம்மந்தி கறாராகச் சொல்லியிருந்தார். மரைக்காயரும் ஐஸ் பெட்டியில் ஒரு பாளம் உறைய வைத்துவிட்டார். விருந்தன்று காலையில்தான் அது ஹலாலா என்ற சந்தேகம் வந்து, மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் ஓடினார்.

"ஜெல்லியில போடுற ஜெலட்டின், மாட்டெலும்புல எடுக்கிறது. முறைப்படி அறுத்ததுன்னா சாப்பிடலாம். அறுக்காததுன்னா தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஆலிம்சா பஸ் ஏறிவிட்டார்.

மரைக்காயர் வீட்டுக்கு வந்து ஜெல்லியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அறுக்காததேதான்!

கமிட்டி கூடியது.

"இதுக்கா காக்கா முழிக்கிறீங்க? நாமளே அறுத்துட்டாப் போச்சு" என்றார், மரைக்காயரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் செயலாளர் சுல்தான் கண்டு. தீர்மானம் நிறைவேறியது.

முற்றத்துப் பலகையில் ஜெல்லியைக் கவிழ்த்து, மக்கா இருக்கும் கிப்லா திசையை நோக்கித் திருப்பினார்கள். குடிக்கத் தண்ணீர் காட்டினார்கள். மிரண்டுவிடுமே என்று மரைக்காயர் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கழுத்து எந்தப் பக்கம்பா?"

"ஆடுற பக்கம்தான் தலை, காக்கா."

"எல்லாப் பக்கமும் ஆடுதே!"

"அப்ப நாலு பக்கமும் அறுங்க. ஒண்ணாச்சும் கழுத்தா இருக்காதா?"

பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தார். சிவப்பாக வடிந்தது. "ரத்தம் நல்லா இறங்குது" என்று கமிட்டி திருப்திப்பட்டது.

மரைக்காயர் துண்டு போடக் குனிந்தார். செயலாளர் சுல்தான் கண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "துடிப்பு அடங்கட்டும். உயிர் போகுமுன்னே துண்டு போட்டா பாவம்."

மரைக்காயர் விரலால் தொட்டுப் பார்த்தார். முன்னைவிட அதிகமாகத் துடித்தது. எல்லாரும் உச்சுக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பந்தலிலிருந்து சம்மந்தி ஆள்மேல் ஆள் விட்டார். வெயில் உச்சிக்கு வந்தது. இனியும் தாமதித்தால் மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று சமாதானம் பேச ஓடினார் மரைக்காயர். கமிட்டியும் ஏகமனதாகக் கூடவே ஓடியது.

சம்மந்தியைக் கையோடு கூட்டிவந்து பார்த்தால், பலகை காலி! சிவப்புத் தடம் ஒன்று முற்றத்தைத் தாண்டிச் சாக்கடைப் பக்கம் போயிருந்தது.

மரைக்காயர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு பக்கம் அறுத்தும் கழுத்து தப்பிடுச்சே! காலைக் கட்டாம விட்டது என் தப்புதான், சம்மந்தி."

சம்மந்தி தடத்தை உற்றுப் பார்த்தார். முகம் சிவந்தது.

"அறுபட்ட உடம்போட ரொம்ப தூரம் போயிருக்காது. வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே, கயித்தை எடுங்கய்யா!"

இரு வீட்டாரும் சாக்கடையோரமாக ஓடினார்கள். கழுத்து மாலையோடு மாப்பிள்ளையும் ஓடினார், கையில் ஒரு கட்டுப் புல்லோடு.