காலி நாற்காலியோடு ஆடிய ஆட்டம்

கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையைப் பிடித்த எல்லாருக்கும் எபனேசர் மாஸ்டரைத் தெரியும். அவரிடம் கோல்கீப்பராகத் தேறியவன் சேர்மராஜ். இப்போது அவனுக்கு நாற்பத்தாறு வயது, கூட்டுறவு வங்கியில் வேலை, கொஞ்சம் தொப்பை. மழை மூட்டமான ஒரு சாயங்காலம் மைதானத்துக்கு வந்து மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தான். வேறு யாரும் இல்லை.

“இருதயராஜ் அடக்கத்துக்கு நீ வரலையே” என்றார் மாஸ்டர்.

“வர முடியல, மாஸ்டர்.”

இருதயராஜ் அதே அணியின் ஃபுல்பேக். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். மாஸ்டரின் அணியில் ஒரு வழக்கம் உண்டு. பந்து எந்த மூலையில் கிடந்தாலும் கோல்கீப்பர் தன் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கூப்பிடப்பட்டவன் ‘இருக்கேன்’ என்று கத்த வேண்டும். இருதயராஜின் ‘இருக்கேன்’ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

பிழைப்புக்காக அவன் ஓசூர் போன பிறகும் நட்பு விடவில்லை. டி.வி.யில் ஹாக்கி என்றால் இவன் இங்கே, அவன் அங்கே. ஆளுக்கொரு செல்போனில் போக்கர் சீட்டாட்டம். பத்து ரூபாய் ஆட்டம்தான்; தோற்றவனுக்கு ஒரு வாரம் நக்கல். மேட்ச் முடியும்வரை போனில் கூப்பிடக் கூடாது என்று அவர்களாகவே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கோல் விழுகிற நேரத்தில் போன் அடித்தால் இருதயராஜுக்குக் கெட்ட கோபம் வரும்.

“அன்னைக்கும் ஆடிக்கிட்டுத்தான் இருந்தோம்” என்றான் சேர்மராஜ். “பாதியில அவன் ஆடுறத நிறுத்திட்டான். ஆள் அசையலைன்னா கொஞ்ச நேரம் பாத்துட்டு போன்ல இருக்குற மெஷினே அவன் சீட்டக் கவுத்து, அந்தச் சுத்த விட்டுக்குடுத்துரும். ஒவ்வொரு சுத்துக்கும் அவன் காசுல கொஞ்சம் எனக்கு வந்துரும். மேட்ச்ல மூழ்கிட்டான்னு நெனச்சேன்.”

“நீ என்ன செஞ்ச?”

“எடுத்துக்கிட்டே இருந்தேன். சந்தோசமா இருந்துச்சு, மாஸ்டர். கடைசிக் காசு வரைக்கும் வழிச்சுட்டு, ‘தூங்கிட்டியா மாப்ள’ன்னு சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்புனேன்.”

மாரடைப்பு. அந்தப் பொம்மை போய்ச் சேர்ந்தபோது இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்தபடி செத்துப்போயிருந்தான்.

“நான் கூப்பிட்டிருந்தா பொழச்சிருப்பானா, மாஸ்டர்?”

“தெரியாது.”

ஆறுதலுக்கு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். மாஸ்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சேர்மராஜின் போன் அடித்தது. யாரென்று பார்த்துவிட்டு பெஞ்சில் கவிழ்த்து வைத்தான்.

“யாரு?”

“பிலோமினா. இருதயா வீட்டுக்காரி. அடக்கம் முடிஞ்சதுலருந்து கூப்பிடுதாங்க. அன்னைக்கு அவங்க ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்டாங்களாம். உசுரு எப்பப் போச்சு, கடைசியா எங்கிட்ட என்ன பேசினாருன்னு கேட்டு மெசேஜ் போட்டிருக்காங்க. எந்த மொகத்தோட நான் சொல்லுவேன்?”

போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

மாஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெல்ல நடந்து, கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார்.

“இருதயராஜ்!”

தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மாஸ்டர் காதைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். சேர்மராஜால் அதைப் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

“சேர்மராஜ்!”

“இருக்கேன், மாஸ்டர்!”

யோசிக்கும் முன்னே வாய் கத்திவிட்டது. கத்திய பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

மாஸ்டர் திரும்பி வந்தபோது போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்த்தி, ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்து, அவன் கையில் வைத்தார்.

“இப்ப எங்கிட்ட சொன்னேல்ல, அத அவகிட்டயும் சொல்லு.”