ஓலிகம்பாக்காரங்க மிதிச்ச தரை

மேகத்துக்கு மேல ஒரு ஊராம். அந்த ஊர்ல ஒரு அம்மாவாம். நீ "ம்" கொட்டணும், சரியா? கொட்டலைன்னா கதை நடுவழியில நின்னுடும்.

ம்.

கடலைத் தாண்டி, இன்னொரு கடலையும் தாண்டிப் போனா பப்புவான்னு ஒரு பெரிய தீவு. அதுக்கு நடுவுல மலை. மலைக்குப் பின்னால மலை. அதுக்கும் பின்னால ஒரு மலைச்சரிவுல ஓலிகம்பான்னு ஒரு ஊரு. அங்க ரோடு கிடையாது, பஸ் கிடையாது, கரண்ட் கிடையாது. காலையில சக்கரவள்ளிக் கிழங்கு, மத்தியானம் சக்கரவள்ளிக் கிழங்கு. ராத்திரிக்கு என்னன்னு சொல்லு பார்ப்போம்?

கிழங்கு!

அதேதான். அந்த ஊர்ல லாக்கமேன்னு ஒரு அம்மா. அவ புருஷன் பியாலி. அவங்களுக்கு நேலின்னு ஒரு பொம்பளைப் புள்ள, இன்னும் நடை வரலை. லாக்கமே அவளை ஒரு வலைப்பையில படுக்க வச்சு, பையோட வாரை நெத்தியில மாட்டி, முதுகுல தொங்க விட்டுக்குவா. அங்க எல்லா அம்மாவும் அப்படித்தான். கிழங்கு, விறகு, பாப்பா, எல்லாம் நெத்தி தாங்கும்.

ம்.

அந்த ஊர்க்காரங்க நாலு வருஷமா ஒரு வேலை பார்த்தாங்க. மலைச்சரிவை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, விமானம் இறங்கறதுக்கு நீளமா ஒரு தரை போட்டாங்க. மெஷின் கிடையாது. ஆம்பளைங்க கையில மண்வெட்டி, பொம்பளைங்க கையில கிழங்கு தோண்டற கம்பு. தோண்டின கல்லை எல்லாம் வலைப்பையிலயே சுமந்து கொட்டினாங்க. வேலை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. ஆனா ஒரு விமானம்கூட வந்து இறங்கலை.

ஏன்?

மழை. மழை விட்டா மறுபடியும் மழை. புது மண்ணு குழைஞ்சு போய் கிடந்துச்சு. காயட்டும், காயட்டும்னு ஊரே காத்திருந்துச்சு.

அப்போதான் நேலிக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. கர்க்... கர்க்...னு மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ள போய் உள்ள போய் வருது. பால் குடிக்க மாட்டேங்குறா. அழறதுக்குக்கூட தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனா நாலு நாள். நடுவுல ஒரு ஆறு. ஆத்து மேல இருந்த பிரம்புப் பாலத்தை முந்தின வாரம்தான் வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருந்துச்சு. நேலிக்கு நாலு நாள் தாங்காது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லலை. லாக்கமேவுக்கு யாரும் சொல்லவும் வேண்டாம்.

ம்...

ஊருக்கு ஒரே ஒரு வயர்லெஸ் பெட்டி, பேட்டரியில ஓடறது, அது பியாலி பொறுப்பு. அவன் அதுல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ப் பைலட்டைக் கூப்பிட்டான். "என் பொண்ணுக்கு மூச்சு முட்டுதுங்க. வந்து தூக்கிட்டுப் போங்க."

பைலட் சொன்னார், "வர்றேன் பியாலி. முதல்ல தரைக்குப் போய் குதிகாலை ஓங்கி மிதி. எவ்வளவு இறங்குதுன்னு பார்த்துச் சொல்லு."

பியாலி ஓடிப் போய் மிதிச்சான். சளக்! குதிகால் ரெண்டு விரல் ஆழம் உள்ள போயிடுச்சு. திரும்பி வந்து பெட்டியை எடுத்தான். லாக்கமே அவன் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"ஏய்யா, கெட்டியா இருக்குன்னு சொல்லிடு. எப்படியாவது வந்துடட்டும்."

பியாலி அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். "வந்தா சக்கரம் புதைஞ்சிடும். விமானம் மூக்கு குத்திக்கும். அந்த ஆளும் வீடு போய்ச் சேரணும்ல?" அப்புறம் பெட்டியில சொன்னான், "ரெண்டு விரல் இறங்குதுங்க."

"அப்போ முடியாது," அப்படின்னார் பைலட். "கெட்டியாக்குங்க. நாளைக்குக் காலையில கேக்குறேன். எட்டு மணிக்கு மேல மேகம் மூடிக்கும், அப்புறம் என்னால வர முடியாது."

லாக்கமேவுக்கு அப்படி ஒரு கோபம். "ஊரு உலகத்துல ஒரு பொய் சொல்லத் தெரியாத ஆளாப் பார்த்துக் கட்டி வச்சாங்க எனக்கு." சொல்லிட்டு ஒரு நிமிஷம் நின்னா. அப்புறம் விடுவிடுன்னு தரைக்கு நடந்தா. நடுவுல நின்னு குதிச்சா. தம்! இன்னொரு தடவை. தம்!

ஏன் குதிச்சா?

சொல்றேன். அவங்க ஊர்ல பன்னி விருந்து நடக்கறப்போ ஒரு ஆட்டம் உண்டு. தோளோட தோள் உரச வரிசையா நின்னு, எல்லாரும் ஒண்ணா எம்பி ஒண்ணா இறங்குவாங்க. விருந்து முடிஞ்சு பார்த்தா அந்த இடம் பாறை மாதிரி ஆகிடும், ரெண்டு வருஷத்துக்குப் புல்லே முளைக்காது. அது லாக்கமேவுக்கு ஞாபகம் வந்துச்சு.

அவ மாமியார் குந்தாமே பதறி ஓடி வந்தா. "ஏடி பொண்ணே! உடம்பு முடியாத புள்ளையை வச்சிக்கிட்டு யாராவது ஆடுவாங்களா? ஆடின சத்தத்துல அதோட உசுரு பயந்து ஓடிடும்டி!"

"ஆடாம இருந்தாலும் ஓடத்தான் போகுது அத்தை. நீங்க அவளை அடுப்புப் பக்கத்துல மடியில நிமிர்த்தி வச்சிக்கோங்க. நான் மிதிக்கிறேன்."

சொல்லிட்டு மறுபடியும் குதிச்சா. அதைப் பார்த்து பியாலி போய் பக்கத்துல நின்னான். அப்புறம் ஒரு கிழவர் வந்தார். அப்புறம் நாலு பொம்பளைங்க. அப்புறம் ஊரு. எரநூறு பேரு, நானூறு காலு!

நானூறா?

நானூறு! ஒரு கூட்டம் தண்ணி வடியறதுக்கு ரெண்டு ஓரமும் வாய்க்கால் வெட்டுச்சு. ஒரு கூட்டம் ஆத்துலேருந்து சரளைக்கல்லை வலைப்பையில தூக்கிட்டு வந்து கொட்டுச்சு. மீதிப் பேர் மேலேருந்து கீழ, கீழேருந்து மேல, தம்! தம்! தம்! பக்கத்து மலை திருப்பிச் சொல்லுது, தம்! தம்! தம்!

நடுவுல கேலி வேற. "ஏ லாக்கமே, நீ குதிச்சா எறும்புக்குக்கூட வலிக்காது போலிருக்கே!" அப்படின்னான் ஒரு தொப்பைக்காரன். "அப்போ உன் தொப்பையை இரவல் குடு, கட்டிக்கிட்டுக் குதிக்கிறேன்," அப்படின்னா இவ. ஊரே சிரிச்சுது. சிரிச்சிக்கிட்டே மிதிச்சுது. நடுநடுவுல லாக்கமே வீட்டுக்கு ஓடுவா, நேலி நெஞ்சுல காதை வச்சுப் பார்ப்பா, கர்க் கர்க். இருக்கு. திரும்ப ஓடி வருவா.

நான் படிச்ச ஸ்கூல்ல ஒரு சிஸ்டர் அந்த மலையில பதினோரு வருஷம் நர்ஸா இருந்தவங்க. அவங்கதான் எங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னாங்க. அங்க எத்தனையோ ஊர்ல தரையை இப்படித்தான் காலாலயே கெட்டியாக்குவாங்களாம்.

பொழுது சாயறப்போ பியாலி குதிகாலை ஓங்கி மிதிச்சான். டொக்! அரை விரல்தான். இன்னொரு வெயில் பட்டா போதும். எல்லாரும் வீட்டுக்குப் போய் விழுந்தாங்க.

ம்.

காலையில போய்ப் பார்த்தா, ஐயோ! தரை பூரா குழி. வாழை வைக்கிற மாதிரி பெருசு பெருசா குழி. நடுவுல ஒரு பன்னி ஜம்முனு நின்னுக்கிட்டு மொச்சு மொச்சுன்னு மண்புழு தின்னுது. யாரு பன்னி தெரியுமா?

யாரு?

லாக்கமேவோட பன்னி! அங்க பன்னியை வீட்டுக்குள்ளயே தட்டி கட்டித்தான் படுக்க வைப்பாங்க. சாயங்காலம் கிழங்கு போட்டு உள்ள விட்டு அடைக்கிறது பொம்பளைங்க வேலை. முந்தின நாள் இவ மிதிச்ச அசதியில கிழங்கும் போடலை, தட்டியும் அடைக்கலை. பசிச்ச பன்னி புது மண்ணு வாசனைக்குப் போயிடுச்சு.

ஊரே அவளைப் பார்த்துச்சு. "ஊரைக் கூட்டி மிதிக்க வச்சா, பன்னியை அனுப்பித் தோண்ட வச்சா," அப்படின்னாங்க. ஒருத்தன் கோடாலியை எடுத்துட்டான். "இதை வெட்டிட்டுத்தான் மறுவேலை!"

லாக்கமே குறுக்க நின்னா. "தப்பு பன்னியோடது இல்லை, என்னோடது. இதை எப்போ வேணா வெட்டுங்க, நானே பிடிச்சுத் தர்றேன். இப்போ வெட்டினா தீ மூட்டுவீங்க, கல்லைச் சுட வச்சுக் கறி வேக வைப்பீங்க, பங்கு பிரிப்பீங்க, பொழுது போயிடும். எனக்குப் பொழுது இல்லை."

கோடாலிக்காரன் யோசிச்சான். கோடாலியைப் போட்டுட்டு மண்வெட்டியை எடுத்தான். அன்னிக்கும் விமானம் வரலை. அன்னிக்குப் பூரா குழியை மூடினாங்க, மிதிச்சாங்க, மூடினாங்க, மிதிச்சாங்க. லாக்கமே உள்ளங்கால்ல தோலு உரிஞ்சு போச்சு. வாழை நாரைச் சுத்திக்கிட்டு மிதிச்சா. சாயங்காலம் ஊர்ல இருக்கிற அத்தனை பன்னிக்கும் வயிறு வெடிக்கக் கிழங்கு போட்டு, ரெண்டு தட்டி வச்சு அடைச்சாங்க.

ம்... அப்புறம்?

மூணாம் நாள் காலை. பியாலி மிதிச்சான், டொக்! பெட்டியில சொன்னான், "தரை இறங்கலைங்க. என் குதிகால்தான் வலிக்குது!"

பைலட் சிரிச்சார். "கிளம்பிட்டேன்."

ஆனா அன்னிக்குப் பார்த்து மேகம் சீக்கிரமே வந்துடுச்சு. பள்ளத்தாக்குலேருந்து புகை மாதிரி ஏறி வருது. தூறல் வேற. டர்ர்ர்ர்னு மேல சத்தம் கேக்குது, விமானம் தெரியலை. பெட்டியில குரல், "பியாலி, மேகத்துல அங்கங்க ஓட்டை இருக்கு. ஆனா எல்லாம் ஒரே பழுப்பா இருக்கு. தரை எது, தோட்டம் எதுன்னு தெரியலை. இன்னும் கொஞ்ச நேரம் சுத்துறேன். அதுக்கு மேல எண்ணெய் பத்தாது."

அப்போ குந்தாமே வீட்டுக்குள்ளேருந்து வந்தா. ஒரு கையில நேலி, ஒரு கையில சுரைக்குடுக்கை. குடுக்கை நிறைய வெள்ளைக் களிமண். அந்த ஊர்ல புள்ளை செத்துப் போனா அம்மா உடம்பு பூரா வெள்ளை மண்ணு பூசிக்கணும். நாள் கணக்கா அதோடயே இருக்கணும். குந்தாமே அதைக் குழைச்சு எடுத்துட்டு வந்துட்டா.

லாக்கமே பார்த்தா. "எதுக்கு இது? அவ மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கா?"

"கோவிச்சுக்காதடி. நான் ரெண்டு தடவை பூசியிருக்கேன். தயாரா இல்லாதவளுக்குத்தான் ரொம்ப வலிக்கும்."

லாக்கமே அந்த மண்ணையே பார்த்தா. பளீர்னு இருக்கு, அந்த மூட்டத்துலயும்! வெடுக்குனு குடுக்கையைப் பிடுங்கிக்கிட்டா. "அத்தை, உங்க மழைப்பாயைக் கழட்டுங்க!"

அங்க மழைக்குத் தாழை ஓலையில பாய் தைச்சுத் தலையில போட்டுக்குவாங்க, முதுகு பூரா மூடும். குந்தாமேவுக்கு முதல்ல ஒண்ணும் புரியலை. அப்புறம் புரிஞ்சுது. நேலியைத் தோள்ல சாய்ச்சிக்கிட்டே பாயைக் கழட்டித் தரையில விரிச்சா. ரெண்டு பேரும் வரக் வரக்குனு மண்ணைப் பூசினாங்க. வெள்ளை வெளேர்! அதைத் தரையோட ஓரத்துல போட்டுக் கல்லு வச்சாங்க.

"ஏ பொம்பளைங்களா! பாயைக் கழட்டுங்க! வீட்டுல இருக்கிற வெள்ளை மண்ணைப் பூரா கொண்டாங்க!"

அங்க எந்த வீட்டுல அந்த மண்ணு இருக்காது? எல்லா வீட்டுலயும் இருந்துச்சு. ஓடினாங்க, கொண்டு வந்தாங்க, பூசினாங்க. இந்த ஓரம் ஒரு வரிசை, அந்த ஓரம் ஒரு வரிசை, மேல் முனை வரைக்கும். தலையில பாய் இல்லாம அத்தனை பொம்பளைங்களும் மழையில நனைஞ்சிக்கிட்டுத் தள்ளி நின்னாங்க.

பெட்டியில குரல், "பியாலி! என்னய்யா அது, ரெண்டு வெள்ளைக் கோடு?"

"அதுக்கு நடுவுலதாங்க! நடுவுல இறங்குங்க!"

டர்ர்ர்ர்... மேகத்தைக் கிழிச்சிக்கிட்டு ஒரு சின்ன விமானம். பொத்! சக்கரம் பட்டுச்சு. ஊரே மூச்சைப் பிடிச்சிக்கிட்டுப் பார்க்குது. ஓடுது... ஓடுது... சரிவுல ஏறுது... நின்னுடுச்சு! சக்கரம் புதையலை, மூக்கு குத்தலை.

பைலட் இறங்கி வந்தார். பூட்ஸ் காலால ஒரு மிதி மிதிச்சுப் பார்த்தார், இன்னொரு மிதி. "எந்த ஊர்லேருந்து ரோலர் கொண்டு வந்தீங்க? நடந்து வரவே வழியில்லையே இங்க?"

லாக்கமே நேலியை மாருல அணைச்சிக்கிட்டு முன்னால வந்தா. வாழை நார் சுத்தின காலைத் தூக்கிக் காட்டினா. பக்கத்துல பியாலி தூக்கினான். தொப்பைக்காரன் தூக்கினான். குந்தாமே தடுமாறிக்கிட்டே தூக்கினா. ஊரே ஒத்தைக் கால்ல நின்னுச்சு.

பைலட் தொப்பியைக் கழட்டிட்டார். அப்புறம், "ஏறும்மா," அப்படின்னார்.

பாப்பா பிழைச்சுதா?

பிழைச்சுது கண்ணு. ஆஸ்பத்திரியில மூக்குல குழாய் வச்சாங்க, ஊசி போட்டாங்க. மூணாம் நாள் நேலி வீல்னு ஒரு அழுகை அழுதா பாரு, அந்தச் சத்தத்துக்கு லாக்கமே சிரிச்சுட்டா. எத்தனை நாளாச்சு அந்தக் குரலைக் கேட்டு!

ம்...

பன்னெண்டு நாள் கழிச்சு ரெண்டு பேரும் அதே விமானத்துல திரும்பி வந்தாங்க. இறங்கினா, தரையோட முனையில முன்ன பின்ன பார்க்காத ஒருத்தி உக்காந்திருக்கா. வேற மலைக்காரி. கால் பூரா சேறு. வலைப்பையில ஒரு பையன், காய்ச்சல்ல முனகுறான். ரெண்டு நாள் நடந்து வந்திருக்கா. பயந்து பயந்து கேட்டா, "விமானம் இங்கதான் வருமாமே. இது யாரோட இடம்? நான் யாரைக் கேக்கணும்?"

லாக்கமே நேலியை இடுப்புல ஏத்திக்கிட்டா. முதுகை நிமிர்த்தினா.

"எங்க இடம்தான். யாரையும் கேக்க வேண்டாம், ஏறு," அப்படின்னு சொல்லி, அந்தப் பையைத் தன் கையாலயே தூக்கிக் குடுத்தா.

அவ்வளவுதான். விமானம் மலையைத் தாண்டிப் போயிடுச்சு, கதையும் அதோடயே ஏறிப் போயிடுச்சு. நீ கண்ணை மூடு.

...

குட்டி?

ம்.