மல்லன் உடையாண்டிக்குக் கட்டிய பரிவட்டம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டைச் சீமையைக் கோதண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மறப்பார். மறந்ததைச் சாயங்காலம் நினைத்துக்கொண்டு மற்றவர்கள்மேல் கோபப்படுவார். அவருக்கு நல்லசிவம் என்று ஒரு புத்திசாலி மந்திரி இருந்தார். வேங்கடப்பர் என்று ஒரு தனாதிகாரியும் இருந்தார். இவருக்கு யாரை யார் புகழ்ந்தாலும் வயிறு எரியும்.

ராஜாவுக்கு மல்யுத்தம் என்றால் உயிர். மல்லர்களுக்குப் பாலும் நெய்யும் ஆட்டிறைச்சியும் அரண்மனையிலிருந்தே தினமும் போகும். அதற்கு மல்லர்படி என்று பெயர். அதை மல்லன்தான் சாப்பிட வேண்டும். வேறு யாருக்காவது கொடுத்தால் கொடுத்தவனுக்கும் கசையடி, தின்றவனுக்கும் கசையடி. இந்த அழகான சட்டத்தைப் போட்டதும் நம்ம ராஜாதான்.

அந்தச் சீமையில் யாராலும் சாய்க்க முடியாத மல்லன் உடையாண்டி. பெரும் பஞ்சம் வந்த வருஷம், அண்டை நாட்டு மல்லன் ஒருவன் வந்து அவனைத் தூக்கி அடித்துவிட்டான். விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"எதிரியிடம் பொன் வாங்கிக்கொண்டு விழுந்திருக்கிறான் மகாராஜா" என்றார் வேங்கடப்பர்.

ராஜா விசாரிக்கவில்லை. ஊர் பார்க்க, உடையாண்டியின் காலில் கிடந்த வீரக்கழலைக் கழற்றச் சொல்லி, கோட்டைக்கு வெளியே துரத்தினார். உடையாண்டி வாயைத் திறக்கவில்லை.

பஞ்சம் தீர்ந்தது. ராஜாவுக்குப் புதிதாக ஓர் ஆசை வந்தது. "பஞ்சத்தில் ஜனங்களுக்குச் சோறு போட்ட புண்ணியவானுக்கு நானே பரிவட்டம் கட்டப் போகிறேன்" என்றார். வேங்கடப்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் அரண்மனை அரிசியில் ஒரு கஞ்சிக் கொட்டகை போட்டவர். ராஜா வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாளே அங்கே அடுப்பு அணைந்துவிட்டது. அரிசி அவர் வீட்டுக் குதிருக்குப் போயிற்று.

அன்று உடையாண்டியின் மனைவி பூவாயி மந்திரியைத் தேடி வந்தாள்.

"ஐயா, அவருக்கு ரொம்ப முடியல. வைத்தியர் கையை விரிச்சிட்டாரு. போறதுக்குள்ள, நான் விலை போகலைன்னு ராசா வாயால ஒரு வார்த்தை கேக்கணும்கிறாரு."

"அப்படியானால் ஏனம்மா விழுந்தான்?"

"படியைப் பூரா குயவர் தெருப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டாரு. கோதாவுல இறங்கறப்ப அவரு வயித்துல வெறும் தண்ணிதான். உண்மையைச் சொன்னா தெருவே கசையடி வாங்கும்னு வாயை மூடிக்கிட்டாரு. நீங்களும் சொல்லிடாதீங்க சாமி."

மந்திரி யோசித்தார். உண்மை வெளியே வரவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ராஜாவை அவர் வாக்காலேயே கட்டிப்போட வேண்டும். அடுத்த நாள் சபையில் மெதுவாக ஆரம்பித்தார்.

"மகாராஜா, ஜெயித்த மல்லனை ஜனங்கள் தோளில் தூக்கிக் கோதாவைச் சுற்றி வருவார்களே. அதேபோல, சோறு போட்டவரை அந்தச் சோற்றைத் தின்றவர்களே சபைக்குத் தூக்கி வரட்டும்."

"பேஷான யோசனை" என்றார் வேங்கடப்பர். மனசுக்குள் அவர் ஏற்கெனவே தோள்மேல் ஏறியாயிற்று.

"ஒரு சங்கடம் உண்டு. பஞ்ச காலத்துச் சோறு எங்கிருந்து வந்ததோ, யார் பானையோ. ஜனங்கள் வரப் பயப்படுவார்கள். அது எப்படி வந்த சோறானாலும் கொடுத்தவருக்கும் தின்றவருக்கும் தண்டனை இல்லை என்று பறை அறைவித்தால் நல்லது."

வேங்கடப்பருக்குத் தன் வீட்டுக் குதிர் ஞாபகம் வந்துவிட்டது. "அவசியம் மகாராஜா, அவசியம்" என்று முந்திக்கொண்டார். ராஜாவும் தலையசைத்தார்.

வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை ராஜா, "பட்டத்து யானைக்கு முகம் வாடியிருக்கிறது, அடுத்த வெள்ளிக்குப் பார்க்கலாம்" என்றார். மந்திரி கெஞ்சிப் பார்த்தார். "பரிவட்டம் எங்கே ஓடிப்போகிறது நல்லசிவம்?" என்று ராஜா சிரித்தார்.

அந்த அடுத்த வெள்ளியும் வந்தது. வேங்கடப்பர் பட்டு உடுத்தி வாசலில் உட்கார்ந்து வழி பார்த்தார். அவர் வீட்டுச் சமையல்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். வேறு ஈ காக்கைகூட வரவில்லை. கடைசியில் நடந்தே சபைக்குப் போனார்.

அங்கே குயவர் தெரு ஜனங்கள் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலில் உடையாண்டி.

"இந்தத் துரோகியையா தூக்கி வந்தீர்கள்?" என்றார் ராஜா.

காத்தாயி என்ற குயத்தி முன்னால் வந்தாள். "ஆமா ராசா. இவரு படியைத் தின்னுதான் எங்க புள்ளைங்க பொழச்சுது. அடிக்க மாட்டேன்னு நீங்க பறை போட்டதால சொல்றோம். அன்னைக்கு இவரு விழுந்தது பசியில."

ராஜா பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். கட்டுவதற்காக உடையாண்டியின் தலையை நிமிர்த்தினார். தலை சில்லென்றிருந்தது.

"விடியக்காலையில போயிட்டாரு" என்றாள் பூவாயி. "இருந்தாலும் தூக்கிட்டுப் போறோம்னு தெரு சொல்லுச்சு. நான் தடுக்கல."

அந்தத் தலையிலேயே ராஜா பரிவட்டத்தை எப்படியோ கட்டி முடித்தார். "அம்மா, நிலம் தருகிறேன், பொன் தருகிறேன்" என்றார்.

"எதுவும் வேணாம் ராசா. அவரு கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க."

ராஜா உடையாண்டியின் காதருகே குனிந்தார்.

"அவரு காதுக்கு எதுக்கு? அவருக்குத்தான் தெரியுமே. ஊருக்குச் சொல்லுங்க."

ராஜா நிமிர்ந்தார். "உடையாண்டி விலை போகவில்லை. நான் விசாரிக்காமல் தண்டித்தேன்."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் பூவாயி. மறுபடியும் சொன்னார், குரல் உடையச் சொன்னார்.

வேங்கடப்பரின் பதவி அங்கேயே போயிற்று. அதில் எனக்குப் பரம திருப்தி. மந்திரியின் புத்திக்குப் பரிசாக ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "போன வெள்ளிக்கிழமையே பலித்திருந்தால் வாங்கிக்கொள்வேன் மகாராஜா" என்று சொல்லி மந்திரி ஒதுங்கிக்கொண்டார்.

ராஜா திருந்தினார், நாடு செழித்தது என்று கதையை முடிக்கலாம். செழித்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. சுடுகாட்டுக்குப் புறப்படும்போது கட்டிலைத் தூக்க ராஜாவும் வந்தார். எத்தனை பெரிய மல்லன், கனமாகத்தான் இருப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தோள் கொடுத்தார். கட்டிலில் கனமே இல்லை. அப்போதுதான் ராஜா வாய்விட்டு அழுதார்.