பதினேழு கடலை

“நாலு வருஷமா நான் வளர்த்த ஆளு சார் அவ. ஒரே வரியில கொன்னுட்டீங்க. கடைசியா ஒரு வார்த்தைகூட அவ பேசல.”

பியூலா இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். முதல் முறை உட்கார்ந்துகொண்டு, இரண்டாம் முறை எழுந்து நின்று, இப்போது தோளில் பையை மாட்டிக்கொண்டு.

செத்தவள் பெயர் மாசிலா. ஒரு விண்கப்பலின் இன்ஜின் மெக்கானிக். நிஜத்தில் இருந்தவள் இல்லை, ஒரு தாளில் இருந்தவள். சனிக்கிழமை மூன்று மணிக்கு, பாளையங்கோட்டையில் அமலோற்பவத்தின் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் கூடி அந்தக் கப்பலை ஓட்டுவார்கள். ஒருவர் கப்பலுக்கு என்ன நடக்கிறது என்று சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு மாலுமியாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. கேட்டால் சிரிப்பு வரும். நாலு வருஷம் ஒரு மெக்கானிக்காக இருந்து பார்த்தவர்களுக்கு வராது.

ஒன்பது வருஷமாக மேசையை நடத்தியவள் அமலோற்பவம். வயது முப்பத்தேழு. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன். அடுத்த மாதத்திலிருந்து அவளுக்குச் சனிக்கிழமையும் டியூட்டி. மேசையை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று தணிகாசலம்தான் கேட்டார்.

அவர் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். ஐம்பத்து நாலு வயது. மாணவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் சந்தோஷம் தாங்காமல் மணி அடித்த பிறகும் விடாத ரகம். அதனாலேயே யாரும் கேட்பதில்லை. தன்னைப் பார்த்ததும் ஓடாமல் நாற்காலியை இழுத்துப் போடும் மூன்று பேர் அவருக்கு இந்த ஊரில் இங்கேதான் இருந்தார்கள்.

மூன்று சனிக்கிழமை நான் பக்கத்தில் உட்காருகிறேன், நீங்கள் நடத்துங்கள், என்று அமலோற்பவம் சொல்லியிருந்தாள். இன்றைக்கு முதல் சனி. ஆரம்பித்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

நடந்தது இதுதான். மாசிலா இன்ஜின் அறையில் தனியாக இருக்கிறாள் என்று பியூலா சொன்னாள். தணிகாசலம் தன் நோட்டைப் பார்த்துப் படித்தார். “ஒரு சின்னக் கல் வந்து மோதுது. சுவர்ல ஒரு அங்குல ஓட்டை. கதவு தானாப் பூட்டிக்குது. அறையில இருந்த காத்து வெளிய போயிடுது. மாசிலா இறந்துட்டா.” படித்துவிட்டு அவள் தாளை எடுத்து, நாலாக மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார்.

கண்ணாடிக் கடை ஷாஜகான் கடலையை மெல்வதை நிறுத்திவிட்டு அமலோற்பவத்தைப் பார்த்தான். அவள் டப்பாவைப் பார்த்தாள்.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய ஆள் சாகப்போனாலும், கடைசியாக ஒரு வாக்கியம் அவர்களுக்கு உண்டு. அதைச் சொன்ன பிறகுதான் தாள் டப்பாவுக்குள் போகும். ஒன்பது வருஷத்தில் பதினோரு தாள் போயிருக்கிறது. பதினோரு வாக்கியமும் மேசையில் இருக்கிற எல்லாருக்கும் மனப்பாடம்.

பியூலா கத்தினாள் என்று சொல்ல முடியாது. கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். வக்கீல்களோடு தினம் பேசிப் பேசி, குரலை உயர்த்தாமலே ஆளை உட்காரவைக்கப் பழகியிருந்தாள். பகடையைக்கூட ஏன் சார் தொடவில்லை என்றாள். பகடை எதற்கு, சந்தேகம் இருந்தால்தானே பகடை என்றார் அவர். கல்லை நிறுத்த முடியாது, காற்றைப் பிடித்துவைக்க முடியாது, இதில் தன் தப்பு என்ன என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். நாலு பக்கம் கணக்கு. அழகான கையெழுத்து. விடைக்குக் கீழே இரண்டு கோடு.

“பாடம் எடுக்காதீங்க சார்,” என்றாள் பியூலா. “நான் பாஸ் பண்ணி வெளிய வந்துட்டேன்.”

அவள் வாசலுக்கு நடந்தாள். அவள் போனால் மேசை போனது. ஷாஜகான் ஒருவனை வைத்துக்கொண்டு யாரும் கப்பல் ஓட்ட முடியாது. தணிகாசலத்துக்கும் அது தெரியும். அவர் அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார்.

“மேடம், கணக்குல எங்க தப்பு?”

அமலோற்பவம் நோட்டை வாங்கி நாலு பக்கமும் படித்தாள். நிதானமாக. பியூலா செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

“தப்பே இல்ல சார்.”

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது.

“அறை எவ்வளவு பெருசு?”

“நூறு கன மீட்டர்.”

“ஓட்டை விழுந்து எவ்வளவு நேரத்துல அவளுக்கு நினைவு போகும்?”

“பதினேழு நிமிஷம். மூணாவது பக்கத்துல இருக்கு. காத்து மூணுல ஒரு பங்கு ஆகறப்ப.”

“பதினேழு நிமிஷம்,” என்றாள் அமலோற்பவம். “அது யாரோடது சார்?”

அவருக்குக் கேள்வி புரியவில்லை. அவள் திரும்பக் கேட்கவும் இல்லை. டப்பாவைத் திறந்து மாசிலாவின் தாளை எடுத்து, மடிப்பைக் கையால் நீவி, அவர் முன்னால் வைத்தாள். கடைசி வாக்கியம் சொல்லாத ஆள் இன்னும் சாகவில்லை, இது இந்த மேசையின் சட்டம், நீங்கள் வருவதற்கு முன்பே இருந்தது, என்றாள். பிறகு ஷாஜகானின் கையிலிருந்து கடலைத் தட்டைப் பிடுங்கி, பதினேழு கடலையை மட்டும் எண்ணி அதில் வரிசையாக வைத்தாள்.

“இப்ப நான் நடத்தறேன். நீங்க மாசிலா. அதே அறை, அதே ஓட்டை. ஒரு நிமிஷத்துக்கு ஒரு கடலை. போன கடலையை ஷாஜகான் சாப்பிடுவான்.”

ஷாஜகான் தலையாட்டினான். அவனுக்கு விளையாட்டின் இந்தப் பகுதி உடனே புரிந்தது.

“டப்புனு ஒரு சத்தம்,” என்றாள் அமலோற்பவம். “உங்க ரெண்டு காதும் அடைச்சுக்குது. கதவு பூட்டிக்கிச்சு. எங்கேயோ மெல்லிசா ஒரு விசில். என்ன செய்யறீங்க?”

“அழுத்தம் எவ்வளவு இருக்கு?”

“மீட்டர் கதவுக்கு அந்தப் பக்கம்.”

“சரி, அப்ப நான் கணக்குப் போட்டு...”

“போடுங்க.”

அவர் பேனாவை எடுத்துப் போட்டார். பழக்கம். விடை வந்து நிமிர்ந்தபோது பதின்மூன்று கடலை இருந்தது.

“கணக்குக்கு நாலு,” என்றான் ஷாஜகான், மென்றுகொண்டே.

தணிகாசலம் பேனாவை மூடினார். விசில் வரும் பக்கம் போகிறேன் என்றார். அறையின் ஒரு மூலைக்குப் போனார், இன்னொரு மூலைக்குப் போனார், திரும்பி வந்தார். எங்கே போனாலும் விசில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்று அமலோற்பவம் சொன்னாள். மூன்று கடலை போனது.

“அதெப்படி? சத்தம் வர்ற பக்கம் காதுக்குத் தெரியணுமே?”

பதில் வாசலிலிருந்து வந்தது. “அவளுக்கு இடது காது கேக்காது. ரெண்டாவது வருஷம் பாய்லர் வெடிச்சதுல போச்சு. சத்தம் எந்தப் பக்கம்னு அவளுக்குத் தெரியாது. தாள்ல எழுதியிருக்கு.”

தணிகாசலம் தாளைப் பார்த்தார். எழுதியிருந்தது. பென்சிலில், பொடி எழுத்தில், ஓரமெல்லாம். மூன்று மணியிலிருந்து அந்தத் தாள் அவர் கையில்தான் இருந்தது. பெயரை மட்டும் படித்திருந்தார்.

“அப்ப அவ எப்படிக் கண்டுபிடிப்பா?”

பியூலா செருப்பைக் கழற்றிவிட்டு மேசை வரைக்கும் வந்தாள். உட்காரவில்லை. பை தோளிலேயே இருந்தது.

“பவுடர் டப்பா,” என்றாள். “குழாய் மூட்டுல கேஸ்கட்டுக்குப் போடறது. சிவப்புப் பெட்டியில ரெண்டாவது தட்டு.”

பெட்டியைத் திறந்து பவுடரை எடுக்க இரண்டு கடலை. காற்றில் ஊதி, அது போகும் திசையைப் பார்த்து நிற்க இரண்டு. பவுடர் மெல்ல ஒரு நூல் மாதிரி நீண்டு குழாய்க்குப் பின்னால் போகிறது என்றாள் அமலோற்பவம். உங்களுக்குக் குளிர்கிறது. கை சொன்னபடி கேட்கவில்லை. ஏனோ சிரிப்பு வருகிறது. அவள் குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு எண்கள் சொல்வதும் அப்படித்தான் இருக்கும்.

குழாய்க்குப் பின்னால் ஒரு தகடு. நாலு திருகு. தணிகாசலம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மேசை மேல் நிஜமாகவே அவர் விரல் திருகிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நாலு கடலை போனது. ஷாஜகான் இப்போது வாயில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டான்.

“ஓட்டை தெரியுது,” என்றாள் அமலோற்பவம்.

“அடைக்கணும். தட்டையா ஏதாவது இருந்தாப் போதும். உள்ள இருக்கிற காத்தே அதை அழுத்திப் பிடிச்சுக்கும்.” சொன்ன பிறகு தணிகாசலம் நோட்டைப் பார்த்தார். நாலு பக்கக் கணக்கில் இது எங்கேயும் இல்லை.

“டிபன் பாக்ஸ் மூடி,” என்றாள் பியூலா. “பெல்ட்ல சொருகியிருப்பா. எப்பவும்.”

அதை உருவ ஒரு கடலை.

தட்டில் ஒன்று மிச்சம்.

“ஒரு நிமிஷம் இருக்கு,” என்றாள் அமலோற்பவம். “மூடியை வைக்கலாம். கை மரத்துப்போச்சு, அதனால பிடிச்சுதா நழுவுச்சான்னு பகடைதான் சொல்லும். நழுவினா பேச நேரம் இருக்காது. இல்லேன்னா இப்பவே கடைசி வாக்கியத்தைச் சொல்லலாம். ரெண்டுல ஒண்ணுதான்.”

அவள் பகடையை அவர் பக்கம் தள்ளினாள்.

தணிகாசலம் அதைக் கையில் எடுத்தார். அங்குல ஓட்டை, மரத்துப்போன கை, தகர மூடி. எத்தனைக்கு எத்தனை என்று அவரால் சொல்லிவிட முடியும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நோட்டு பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அதை மூடினார்.

“இதுக்கு முன்னாடி நீங்க கேட்டீங்களே மேடம், அந்தப் பதினேழு நிமிஷம் யாரோடதுன்னு.”

“ஆமா.”



அவர் பகடையை மாசிலாவின் தாள்மேல் வைத்தார். தாளைத் திருப்பி, எழுத்து நேராகத் தெரியும்படி பியூலாவின் பக்கம் நகர்த்தினார். கடலைத் தட்டையும்.

“எனக்குத் தெரியலம்மா,” என்றார். “மாசிலா என்ன செய்வா? நீ சொல்லு.”

பியூலா ஒரு கையால் பையின் வாரைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையால் நாற்காலியின் முதுகை. அந்தக் கடைசிக் கடலையை ஷாஜகான்கூட எடுக்கவில்லை.