செவலையின் மணி

மருதப்பனுக்கு ஆசிரமத்தில் இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வருடம் பேருந்தில் நடத்துனராக நின்றே பிழைத்தவர். கண்ணை மூடி உட்காரச் சொன்னால் கால் கேட்குமா? ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் யாரும் தன்னை மதிப்பதில்லை என்று கோபித்துக்கொண்டு வந்து இரண்டு மாதமாகிறது.

குரு குழலியம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. உட்கார முடியாத சீடருக்கு அவர் ஒரு வேலை கொடுத்தார். ஆசிரமத்து நாய் செவலை தியானக் கூடத்திலேயே மூத்திரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே போகவேண்டுமென்றால் கதவில் கட்டிய மணியை அடிக்க அதைப் பழக்க வேண்டும்.

பத்தே நாளில் பழக்கிவிட்டார். மூக்கால் மணியை இடித்தால் கதவு திறக்கும், கூடவே ஒரு தேங்காய்ச் சில்லும் கிடைக்கும். அங்கேதான் வினை வந்தது. செவலை ஒரு நாளைக்கு நாற்பது முறை மணியடித்தது. கதவைத் திறந்தால் வெளியே எட்டிக்கூடப் பார்க்காது. சில்லைத் தின்றுவிட்டுத் திரும்பிவிடும்.

இதற்கு நடுவில் மனைவி போனில் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காது குத்து, தாத்தா எங்கே என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். மகன் தன் வாயால் அழைக்கவில்லையே என்று மருதப்பனுக்கு வருத்தம். ஆனாலும் பேத்தியை நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தினமும் காலையில் பையோடு போய், கிளம்புகிறேன் என்று குருவிடம் சொல்வார். நீங்கள் இல்லாமல் ஆசிரமம் ஓடுமா என்பார் குரு. அந்த ஒரு சொல்லில் மருதப்பனுக்கு வயிறு நிறைந்துவிடும். பையை அவிழ்த்துவிடுவார்.

வியாழக்கிழமையும் பையோடு வந்தார். முதலில் நாயைப் பற்றித்தான் புலம்பினார்.

"வெளிய போகணும்னு மணியடிக்குது. திறந்தா போறதில்லை. இதுக்கு என்னதாம்மா வேணும்?"

அப்போதே செவலை மணியடித்தது. குரு எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். கையில் ஒன்றுமில்லை.

செவலை அந்தக் கையை மோந்தது. முகத்தைப் பார்த்தது. திறந்த கதவின் மணியை இன்னொரு முறை இடித்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மெல்லப் படியிறங்கி வேலியோரம் போய்க் காலைத் தூக்கியது.

மருதப்பன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே, "சரிம்மா, நான் கிளம்பறேன்" என்றார்.

நீங்கள் இல்லாமல் ஆசிரமம் ஓடுமா என்று குரு இந்த முறை கேட்கவில்லை.

மருதப்பன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அப்புறமும் நகரவில்லை.

"நான் போயிட்டா செவலையை யாரு..." என்று இழுத்தார்.

"கதவு திறந்துதான் இருக்குங்கய்யா" என்றார் குரு. "தேங்காய்தான் இல்லை."