தொடவிடாத குருக்களும் மாரிக்கொழுந்தம்மையாரும்

மாரிக்கொழுந்தம்மையார் கும்பகோணத்துக்கு அருகே ஒரு முதியோர் இல்லத்தில் ஆயாவாக இருந்தார். நினைவு தப்பிய பதினெட்டுப் பேரைத் தினமும் குளிப்பாட்டித் துடைத்துவிடுவது அவர் வேலை. கோயிலுக்குப் போக நேரம் ஏது? ஒவ்வோர் உடம்பையும் தொடுமுன் தம் கைகளைக் கண்ணில் ஒற்றி, "சிவசிவா" என்பார். அவ்வளவுதான் பூசை.

"பீத்துணியிலயும் சிவனா?" என்று உடன் வேலை செய்தவர்கள் கேலி பேசுவார்கள்.

"அங்க இல்லாம எங்க போவாரு?" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்குவார்.

அங்கே சாம்பமூர்த்தி குருக்கள் வந்து சேர்ந்தார். அறுபது ஆண்டு சிவன் கோயிலில் பூசை செய்தவருக்குப் பெற்ற மகனின் பெயரே மறந்து போயிருந்தது. முதுகில் படுக்கைப்புண் வேறு. ஊட்டினால் சாப்பிடுவார், தலை வாரினால் சும்மா இருப்பார். குளிப்பாட்டப் போனால் மட்டும் அடிப்பார். அம்மையாருக்கும் கன்னத்தில் இரண்டு முறை விழுந்தது. புண்ணைக் கழுவாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நாளைக்குக் கையக் கட்டிட்டுத்தான் குளிப்பாட்டணும். வேற வழியில்ல" என்றார் நர்ஸ் ஸ்டெல்லா.

சுவாமியைக் குளிப்பாட்டிய கைகளுக்குக் கட்டா? ஆனாலும் பாருங்கள், அழுதுகொண்டு உட்காராமல் அம்மையார் யோசித்தார். இந்த மனிதர் எப்போது அடிக்கிறார்? சட்டையைக் கழற்றும்போது இல்லை. தண்ணீர் ஊற்றும்போதும் இல்லை. ஊற்றிய பிறகு தொட்டால்தான் அடி.

மறுநாள் துணிப்பட்டையோடு வந்த ஸ்டெல்லாவைத் தடுத்தார். "குளத்துல முழுகிட்டு ஈர வேட்டியோட குருக்கள் வந்தா நாமெல்லாம் ஒதுங்கி வழி விடுவோம்ல? பூசை முடியிற வரைக்கும் அவங்க மேல யாரும் படக்கூடாதும்மா. இது தெரியாம நனைச்சுட்டு நனைச்சுட்டுத் தொட்டிருக்கோம்."

"சரி, தொடாம எப்படிப் புண்ணக் கழுவுவ?"

அம்மையார் குருக்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பூசை முடியட்டும் என்று அவர் எதிரே தலை குனிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் அம்மையாரின் உச்சந்தலையில் எண்ணெய் விழுந்தது. பக்கத்திலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் குருக்கள் எடுத்திருந்தார். லிங்கத்துக்குத் தேய்ப்பதுபோல் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினார். மகன் பெயர் தெரியாத வாயிலிருந்து மந்திரம் தடங்கலின்றி வந்தது. அபசாரம் ஆயிற்றே என்று நினைத்தாலும் அம்மையார் அசையவில்லை.

மந்திரம் நின்றது. குருக்கள் குனிந்து, மெல்லக் கேட்டார்:

"இத்தனை வருஷமா நான்தானே உன்னைத் தொட்டுண்டு இருக்கேன். நீ ஒரு நாளாவது என்னைத் தொட்டியோ?"

சொட்டச் சொட்ட எழுந்த அம்மையார் அவர் தோளில் கை வைத்தார். அடி விழவில்லை. குருக்கள் கண்ணீரோடு திரும்பி, புண்பட்ட முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தக் குளியலறையில் யார் யாரைத் தொட்டார் என்று நானும் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. ஆண்டவன் தனக்கென்று கடன் கேட்டு வாங்கிய அம்மையாரின் அந்தக் கை வாழ்க.